தாதிமை இல்லத்தில் இருக்கும் பெற்றோருக்குப் படுக்கைப் புண்: கவனிக்காமல் விட்டால் வரும் ஆபத்துகளும் குடும்பத்தார் செய்ய வேண்டியவையும்

தாதிமை இல்லத்துக்கு நாம் பெரும்பாலும் மாலை வேளையில்தான் போகிறோம். வேலை முடிந்து, எம்ஆர்டியிலிருந்து இறங்கி, இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது அம்மா குளித்து, தலை வாரி, நெற்றியில் திருநீற்றோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் படுக்கைப் புண் வருகிற இடங்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் நம் கண்ணுக்குப் படுவதில்லை. அவர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த இடம் ஒன்று. காலுறைக்குள் இருக்கும் குதிகால் இன்னொன்று.

என் தாயார் பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றரை ஆண்டுகள் சிங்கப்பூரில் ஓர் இல்லத்தில் இருந்தார். வாரத்தில் நான்கு நாள் தவறாமல் போய்வந்த நான், அவருடைய இடது குதிகாலில் இருந்த புண்ணை அது கறுத்துப் போன பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பினேனே தவிர, காலுறையைக் கழற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு காயப் பராமரிப்புத் தாதியரிடமும் மருத்துவர்களிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். என்ன சிகிச்சை என்பதைத் தீர்மானிப்பவர்கள் மருத்துவரும் தாதியும்தான். ஆனால் அது காலத்தோடு தொடங்குகிறதா என்பது பல சமயங்களில் குடும்பத்தார் எதைப் பார்த்தார்கள், எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

புண் உள்ளேயிருந்து தொடங்குகிறது

படுக்கைப் புண்ணைத் தோல் உரசி வரும் காயம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்குகிறது. உடல் எடை முழுவதும் எலும்பு துருத்தி நிற்கும் ஓர் இடத்தில் இறங்கும்போது, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட தசையிலும் கொழுப்பிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. ரத்தம் போகாத தசை சில மணி நேரத்திலேயே அழியத் தொடங்கிவிடும். தோல் அதைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் உள்ளே சேதம் ஏற்பட்ட பிறகும், அதன் நிறமாற்றம் மேலே தெரிவதற்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். கறையான் அரித்த கதவில் சாயம் மட்டும் பளபளப்பாக இருப்பதைப் போன்றது இது.

நலமாக இருப்பவர்கள் தூக்கத்திலும் தம்மை அறியாமல் புரண்டு படுக்கிறார்கள். பக்கவாதத்தால் ஒரு பக்கம் அசையாதவருக்கும், டிமென்ஷியா முற்றியவருக்கும், நீரிழிவால் பாதம் மரத்துப் போனவருக்கும் அந்த அசைவு இல்லை, அல்லது அசையச் சொல்லும் வலி இல்லை. இதனோடு மேலும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. முதலாவது, இழுவை. உணவூட்டவோ தொலைக்காட்சி பார்க்கவோ கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைத்தால், உடல் மெல்லக் கீழே சரிகிறது. தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்கிறது. நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்கின்றன. இரண்டாவது, ஈரம். நம் ஊர்ப் புழுக்கத்தில், பேம்பர்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் டயப்பருக்குள் சிறுநீரும் வியர்வையும் தேங்கினால் தோல் ஊறிப் பலமிழந்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டில் அமெரிக்க வல்லுநர் குழு இதன் பெயரையே ‘அழுத்தப் புண்’ என்பதிலிருந்து ‘அழுத்தக் காயம்’ என்று மாற்றியது. தோல் திறக்காத நிலையிலேயே காயம் ஏற்பட்டுவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். நாம் பழக்கத்தை ஒட்டிப் படுக்கைப் புண் என்றே சொல்லலாம். ஆனால் புண் திறந்தால்தான் பிரச்சினை என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

முதல் படி: ஆபத்து எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இல்லத்தில் சேர்க்கும்போதே தாதியர் ஒவ்வொருவருக்கும் ஆபத்து மதிப்பீடு செய்வார்கள். பரவலாகப் பயன்படுவது பிரேடன் அளவுகோல். உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், உணவு, உராய்வும் இழுவையும் என்று ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 6 முதல் 23 வரை வரும். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் தடுப்பு நடவடிக்கைகள் தேவை. “அம்மாவின் பிரேடன் மதிப்பெண் என்ன, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்பதில் தவறே இல்லை. காய்ச்சல் வந்து படுத்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினாலோ அதை மறுபடி மதிப்பிட வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாள் தனிக் கவனத்துக்குரியது. அவசரப் பிரிவின் தள்ளுகட்டிலில் நெடுநேரம் படுத்திருந்ததாலோ, இடுப்பெலும்பு முறிந்து அறுவை மேசையில் கிடந்ததாலோ தொடங்கிய காயம், இல்லத்துக்குத் திரும்பிய இரண்டாம் மூன்றாம் நாளில் மேலே தெரியும். திரும்பிய அன்றே தலை முதல் கால் வரை தோலைப் பார்த்துப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் எங்கே வந்தது என்ற வீண் வாக்குவாதமும் இதனால் தவிர்க்கப்படும்.

இரண்டாம் படி: கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் பாருங்கள்

மல்லாந்து படுப்பவருக்கு இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், குதிகால்கள், தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்மண்டை ஆகியவற்றில் புண் வரும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும் உட்புறம், காது மடல். உட்கார்ந்தே இருப்பவருக்குப் புட்டத்தில் இருக்கையைத் தொடும் இரண்டு எலும்புகள். பொருத்தப்பட்ட கருவிகளின் அடியிலும் வரும்: உயிர்வாயுக் குழாய் மாட்டிய காதின் பின்புறம், உணவுக் குழாய் ஒட்டிய மூக்கு நுனி, சிறுநீர்க் குழாய் அழுந்தும் தொடை.

சிவந்த இடத்தை விரலால் மூன்று வினாடி அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது முதல் நிலைப் படுக்கைப் புண் என்பது பாடநூல் விதி. நம்மவர்களைப் பொறுத்தவரை இந்த விதியில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. அழுத்தினால் வெளுப்பதும் தெரியாது. வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட விளக்கப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஒரு தமிழ்ப் பாட்டியின் புட்டத்தில் இருக்கும் முதல் நிலை, வெறும் கருமையாகப்பட்டுத் தப்பிவிடலாம். கறுத்த தோல் உடையவர்களுக்குப் புண் பிந்திய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட ஒன்றுதான்.

அதனால் நிறத்தை நம்பாமல் தொட்டுப் பார்க்க வேண்டும். புறங்கையை அந்த இடத்தில் வைத்து, பிறகு ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, அல்லது சில்லென்று இருக்கிறதா? விரலால் மெல்லத் தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, அல்லது பழுத்துக் கனிந்த பழம் போலக் கொழகொழவென்று அமுங்குகிறதா? முகம் சுளிக்கிறாரா, காலை இழுத்துக்கொள்கிறாரா? தோல் ஊதா அல்லது கருநீலம் கலந்து, மினுமினுப்பாக, இறுகி இருக்கிறதா? இரண்டு குதிகாலையும் ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் நன்றாகப் புலப்படும். கைப்பேசி விளக்கின் வெண்ணிற ஒளியைவிட, சன்னலோரத்துப் பகல் வெளிச்சம் நல்லது.

மகன்கள் தாயின் இடுப்பைப் பார்க்கக் கூசுவது இயல்பு, தாயும் கூசுவார். குளிப்பாட்டும் நேரத்திலோ டயப்பர் மாற்றும் நேரத்திலோ மகளோ மருமகளோ உடனிருக்கலாம். பெண்கள் எவரும் குடும்பத்தில் இல்லையென்றால், தாதியிடம் வாரம் ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம். கூச்சத்துக்காகப் பார்க்காமல் இருப்பதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன்.

மூன்றாம் படி: எந்த நிலை என்று கேளுங்கள்

முதல் நிலையில் தோல் கிழியவில்லை; நிறமும் சூடும் மாறியிருக்கும். இரண்டாம் நிலையில் மேல்தோல் போய், இளஞ்சிவப்பான ஈரமான ஆழமற்ற புண்ணோ நீர்க்கொப்புளமோ இருக்கும். மூன்றாம் நிலையில் தோல் முழுவதும் அழிந்து கொழுப்பு தெரியும். நான்காம் நிலையில் தசை, தசைநாண், எலும்பு வரை போய்விடும். இவற்றில் அடங்காதவை இரண்டு. கறுத்த பொருக்கோ மஞ்சள் அழுகலோ மூடியிருப்பதால் ஆழத்தைக் கணிக்க முடியாத புண் ஒன்று. தோல் மூடியிருக்க, அடியில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும் ஆழ்திசுக் காயம் மற்றொன்று. இந்த இரண்டாவதைக் கண்டு ‘எங்கேயோ இடித்துக்கொண்டார்’ என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஓரிரு நாளில் அது நான்காம் நிலையாகத் திறந்துகொள்ளக்கூடும்.

சிறுநீர் பட்டு வெந்த தோலும் இதுவும் ஒன்றல்ல. ஈரத்தால் வருவது தொடை இடுக்கிலும் புட்டப் பிளவின் இருபுறமும் பரவலாக, ஓரம் தெளிவில்லாமல் இருக்கும். அழுத்தத்தால் வருவது எலும்பின் மேலே, ஓரம் வரையறுத்து நிற்கும். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தும் வரலாம் என்பதால் தாதியின் கணிப்பே முடிவானது.

விட்டுவிட்டால் என்ன ஆகும்

முதல் நிலையில் அழுத்தத்தை நீக்கிவிட்டால் பல நேரம் சில நாள்களிலேயே சரியாகிவிடும். மூன்றாம் நான்காம் நிலைக்குப் போய்விட்டால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும்; முதியவர்களில் சிலருக்கு ஆறுவதே இல்லை. இந்த இடைவெளி சில நாள்களில் கடந்துபோகிறது என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

திறந்த புண் முதலில் சுற்றியுள்ள தோலுக்குக் கிருமியைக் கடத்துகிறது. சுற்றிலும் வீங்கி, சூடேறி, கெட்டியாகி, வலி கூடும். புட்டத்தில் இருக்கும் புண்ணில் மலத்தின் கிருமிகள் சேர்வதால் நாற்றமும் சீழும் வரும். அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் படும் அந்த வாடை, டெட்டாலுக்கும் பவுடருக்கும் அடங்காது. ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். டயப்பரின் வாடை என்று எண்ணி நாம் கடந்துபோவதும் உண்டு. டயப்பர் மாற்றிய பிறகும் வாடை நின்றால் கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆழம் எலும்பைத் தொட்டால் எலும்பில் கிருமி குடியேறும். இது வெளியே பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. நல்ல மருந்தும் நல்ல மெத்தையும் இருந்தும் வாரக்கணக்கில் புண் ஆறாமல் நிற்பதும், ஆறியது போல மூடி மறுபடி மறுபடி சீழ் கட்டித் திறப்பதுமே அதன் அடையாளங்கள். எம்ஆர்ஐ படமோ எலும்பின் சிறு துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையோ தேவைப்படும். கிருமிக்கொல்லி மருந்து வாரக்கணக்கில், பெரும்பாலும் ஆறு வாரம் அளவுக்கு, கொடுக்க நேரும். சிலருக்குச் செத்த எலும்பை அறுவை செய்து அகற்ற வேண்டிவரும். இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் புண் மூட்டுக்குள் இறங்கினால் மூட்டும் சீழ் பிடிக்கும். கால் புண்ணோடு நீரிழிவும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்தால் விரலையோ காலையோ இழக்கும் நிலைவரை போகலாம். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால், குதிகால் புண்ணை நம் வீடுகளில் யாரும் சிறிதென்று நினைக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான ஆபத்து, கிருமி ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் நிலைகுலையும் செப்சிஸ். படுக்கைப் புண்ணால் ஏற்படும் மரணங்களில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டபர் ரீவ், கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்தவர். தொற்று ஏற்பட்ட படுக்கைப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில், 2004 அக்டோபரில் இதயம் நின்று இறந்தார். பணத்துக்கோ பணிவிடைக்கோ குறைவில்லாதவருக்கே அது நேர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாத சேதங்களும் உண்டு. பெரிய புண்ணிலிருந்து கசியும் நீரோடு புரதமும் வெளியேறுகிறது, உடல் மெலிகிறது, மெலிந்த உடலில் எலும்பு மேலும் துருத்துகிறது, புதிய இடத்தில் புண் வருகிறது. வலிக்குப் பயந்து அசையாமல் கிடப்பதால் முழங்காலும் இடுப்பும் மடங்கியபடியே இறுகிவிடுகின்றன. பேச முடியாதவர்களிடம் இந்த வலி எரிச்சலாகவும், சாப்பாட்டைத் தள்ளிவிடுவதாகவும், குளிப்பாட்ட வருபவரை அடிப்பதாகவும் வெளிப்படும். அதை நாம் டிமென்ஷியாவின் பிடிவாதம் என்று சொல்லிக்கொள்கிறோம். பல ஆண்டுகள் ஆறாமல் இருக்கும் புண்ணில் அரிதாகத் தோல் புற்றுநோயும் வரலாம்.

நான்காம் படி: கண்ட அன்றே செய்ய வேண்டியவை

அன்றைய பணியில் இருக்கும் தாதியிடம் உடனே சொல்லுங்கள்; வாரக் கடைசியில் மேலாளர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் வேலை மருந்தல்ல. அந்த இடத்தின்மேல் எடை விழாதபடி அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதே முதல் வேலை. அதன் பிறகு, பின்வருவனவற்றைக் கேட்டு ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்: முதலில் கண்டது எப்போது, எந்த நிலை, நீளம் அகலம் ஆழம் எத்தனை சென்டிமீட்டர், எந்த வகைக் கட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், மருத்துவர் எப்போது பார்ப்பார், கடந்த மாத எடை என்ன.

அளவுதான் முக்கியம். “கொஞ்சம் பரவாயில்லை” என்ற பதிலை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. சென்ற வாரம் நான்குக்கு மூன்று, இந்த வாரம் மூன்றரைக்கு இரண்டரை என்றால் ஆறுகிறது. சரியான பராமரிப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் திட்டத்தை மறுபரிசீலனை செய்யும்படியும், மருத்துவமனையின் காயப் பராமரிப்புப் பிரிவுக்குப் பரிந்துரைக்கும்படியும் கேட்கலாம். இல்லத்தின் அனுமதியோடு வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அது அவருடைய உடல்.

புண்ணின் அடித்தளம் ஈரமான சிவப்பாக இருந்தால் புதுத்தசை வளர்கிறது என்று பொருள். மஞ்சளாகக் கொழகொழத்தாலும் கறுத்தாலும் அது செத்த திசு. பொதுவாக அதை அகற்றிய பிறகே புண் ஆறும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: குதிகாலில் காய்ந்து இறுகிய கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கமோ கசிவோ இல்லாமல் இருந்தால், அதைப் பிய்க்காமல் காப்பதே முறை. என் தாயாருக்கு அப்படித்தான் செய்தார்கள். ‘ஏன் எடுக்கவில்லை’ என்று நான் தாதியிடம் சண்டைக்குப் போனது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எப்போது அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழைக்க வேண்டும்

புண் இருப்பவருக்குத் திடீரென்று குழப்பமோ அதிக மயக்கமோ வந்தால், மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் போனால், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், நடுக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைதல், கைகால் சில்லிடுதல் ஆகியவை தெரிந்தால், அது செப்சிஸாக இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயே செப்சிஸ் வரும். சிலருக்கு உடல் வெப்பம் குறைந்தும் போகும். “காய்ச்சல் இல்லையே, காலையில் பார்க்கலாம்” என்று சொல்லப்பட்டால், மற்ற அளவுகளை அப்போதே எடுத்துப் பார்க்கும்படி வற்புறுத்துங்கள். இதில் மணிக்கணக்கு முக்கியம்; மறுநாள் காலை என்பது தாமதம்.

ஐந்தாம் படி: அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளைச் சரிபாருங்கள்

படுக்கையில் இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறார்கள். மெத்தையையும் தோலின் நிலையையும் பொறுத்து இது மாறும். திருப்பிய நேரம் ஓர் அட்டவணையில் குறிக்கப்படும்; அதைப் பார்க்கக் கேட்கலாம். முழுதாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் எடை இறங்கும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஏறக்குறைய 30 பாகை சாய்த்து வைப்பதே நல்லது. கட்டிலின் தலைப்பக்கமும் கூடியவரை 30 பாகைக்கு மேல் போகக்கூடாது. மூக்குக் குழாய் வழி உணவு பெறுபவர்களுக்கு, புரையேறாமல் இருக்க உணவின்போதும் பிறகும் உயர்த்தித்தான் ஆகவேண்டும். இரண்டு தேவைகளும் மோதும் அந்த நேரத்தில், முழங்காலுக்கு அடியிலும் கட்டிலைச் சற்று உயர்த்தினால் உடல் சரிவது குறையும்.

குதிகாலுக்கு எந்த மெத்தையும் போதாது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். விரிப்புக்கும் குதிகாலுக்கும் இடையில் ஒரு தாள் தடையின்றி நுழைந்து வெளியே வருகிறதா என்று நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

காற்று மெத்தை இருந்தால், அதன் பம்பு ஓடுகிறதா, அவருடைய எடைக்கு ஏற்ப முள் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துப்புரவுக்காகப் பிடுங்கிய மின்செருகியை மறுபடி செருக மறப்பதும் நடக்கிறது. அன்பு மிகுதியால் நாம் வீட்டிலிருந்து கொண்டுபோகும் கம்பளியும் இரட்டை விரிப்பும் அந்த மெத்தையின் பயனைக் கெடுக்கின்றன. ஒற்றை விரிப்பு போதும். சக்கர நாற்காலியில் இருப்பவரைக் குறைந்தது மணிக்கொருமுறை இடம் மாற்றி உட்காரவைக்க வேண்டும். தாமே முடிந்தவர்கள் கால் மணிக்கு ஒருமுறை கையூன்றி எழும்பலாம். உட்காரும் இடத்திலேயே புண் இருந்தால், உட்காருவதை நாளுக்கு மூன்று முறை, முறைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று குறைப்பார்கள். நாம் வரும் நேரத்துக்காக அவரைக் காலையிலிருந்து உட்காரவைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படுத்திருக்கும் அம்மாவோடும் பேசலாம்.

ஆறாம் படி: நல்லெண்ணத்தால் செய்யும் தவறுகளை நிறுத்துங்கள்

சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெயோ தைலமோ ஊற்றி அழுத்தித் தேய்ப்பது நம்மிடம் ஊறிய பழக்கம். ஏற்கெனவே நசுங்கிய ரத்தக் குழாய்கள் அதனால் மேலும் சிதையும். மற்ற இடங்களில் எண்ணெய் தடவிக்கொடுப்பது அவருக்கு இதமாக இருக்கும். எலும்பு துருத்தும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி மணல் போல உரசும். திறந்த புண்ணில் மஞ்சள் அப்புவதும், டெட்டாலோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றுவதும் புதுத்தசையை அழிக்கும். கழுவ உப்புநீர்க் கரைசலே போதும். நடுவில் துளையுள்ள வளைய மெத்தையில் உட்காரவைப்பதும், கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பதும் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டவைதான். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கிறது என்பதால் இன்று அவை தவிர்க்கப்படுகின்றன.

ஏழாம் படி: உணவு

புண் ஆறுவதற்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் 30 முதல் 35 கலோரியும் தேவை என்பது பொதுவான பரிந்துரை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. ஓர் இட்லியில் 2 கிராம் அளவு. கஞ்சியும் ரசசாதமும் மட்டும் சாப்பிடுபவர் இந்த அளவை எட்டவே மாட்டார். சைவ உணவுக்காரருக்கு டோஃபு, பருப்பு, தயிர், பால், பன்னீர் என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். போதாதபோது சத்துப் பானங்களை உணவியல் நிபுணர் பரிந்துரைப்பார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு வீட்டு உணவு கொண்டுபோனால் தாதியிடம் காட்டிய பிறகே ஊட்டுங்கள்.

எட்டாம் படி: மொழி

நம் இல்லங்களில் பணிபுரியும் தாதியரும் பராமரிப்பாளர்களும் பலர் பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். “கடுக்குது”, “காந்துது”, “சுருக்குனு குத்துது” என்று ஒரு முதியவர் சொல்வதைத் தமிழ் தெரியாதவர் எப்படிப் புரிந்துகொள்வார்? நான் ஓர் அட்டையில் பத்துச் சொற்களை, உச்சரிப்பை ஆங்கில எழுத்திலும் பொருளை ஆங்கிலத்திலும் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவைத்தேன். அம்மா வலி வந்தால் ‘முருகா’ என்பார் என்பதையும் அதில் சேர்த்தேன். மியன்மாரிலிருந்து வந்த இளந்தாதி ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஒருநாள் என்னிடம் வந்து, “உங்கள் அம்மா இன்று ஏழு முறை முருகா சொன்னார்” என்றார். அன்றைக்குத்தான் வலது கணுக்காலில் தொடங்கியிருந்த புதிய இடம், தோல் கிழிவதற்கு முன்பே பிடிபட்டது.

இல்லம் செவிசாய்க்காவிட்டால்

முதலில் தாதிமை மேலாளரைச் சந்தித்து, குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுங்கள். பணியில் இருக்கும் தாதியிடம் கத்துவதால் பயனில்லை. ஆள் எண்ணிக்கையையும் மெத்தை வாங்குவதையும் அவர் தீர்மானிப்பதில்லை. பேசியதை மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி அனுப்பி, எந்தத் தேதிக்குள் என்ன செய்யப்படும் என்று பதில் கேளுங்கள். பலன் இல்லையென்றால் இல்லத்தின் நிர்வாகத்துக்கும், அதன் பிறகு சுகாதார அமைச்சுக்கும் எழுதலாம். தாதிமை இல்லங்கள் 2020ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின் கீழ் அமைச்சிடம் உரிமம் பெற்று நடப்பவை. வேறு இல்லத்துக்கு மாற்றுவது பற்றி ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் 1800 650 6060 என்ற எண்ணில் கேட்கலாம். கடுமையான புறக்கணிப்பால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களைக் காக்க 2018இல் இயற்றப்பட்ட சட்டமும் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எல்லாப் புண்ணும் புறக்கணிப்பால் வருவதில்லை. வாழ்வின் கடைசி நாள்களில் இதயமும் சிறுநீரகமும் ஓய்வதைப் போலத் தோலும் ஓய்கிறது. எவ்வளவு நல்ல பராமரிப்பிலும் அப்போது புண் வரலாம். அந்தக் கட்டத்தில் நோக்கம் ஆற்றுவதல்ல. வலியையும் வாடையையும் குறைப்பதே. திருப்பிப் படுக்கவைப்பதே வேதனையாக இருந்தால், வலி மருந்து கொடுத்து அரைமணி கழித்துத் திருப்பவும், திருப்பும் எண்ணிக்கையைக் குறைக்கவும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

புண் ஆறிய பிறகு

ஆறிய இடத்தில் இருப்பது பழைய தோல் அல்ல, தழும்பு. அது முழுதாக முதிர்ந்த பிறகும் பழைய தோலின் வலிமையில் அதிக அளவாக எண்பது விழுக்காட்டையே எட்டும். முதல் சில மாதங்களில் அதைவிட மிகக் குறைவு. ஆகவே மெத்தையைத் திருப்பி எடுக்கவும், தலையணையை நிறுத்தவும், திருப்பும் அட்டவணையைத் தளர்த்தவும் அனுமதிக்காதீர்கள். என் தாயாரின் குதிகாலில் ஏழு மாதம் கழித்து, பொருக்கு தானாகவே ஓரம் கழன்று உதிர்ந்தபோது, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் இருந்தது. அதற்குப் பிறகும் போகும் நாளெல்லாம் முதலில் இடது காலுறையைக் கழற்றி, புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாழைப்பழத்தை உரிப்பேன்.